பாலையின் விளிம்பில் ஒரு சித்திரசாலை

டில்லிவாழ் தமிழர்க்கு விடுமுறை வந்தால் ஆக்ராவும் ஹரித்துவாரமும் ஜெய்ப்பூருமே நினைவுக்கு வருதல் வழக்கம். மேற்கே ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தொலைவில், தார்ப் பாலையின் விளிம்பில், ஊர் ஊராகத் தெருச் சுவர்களிலேயே ஓவியம் தீட்டி வைத்த ஒரு நாடு இருப்பதை நம்மவருள் அறிந்தோர் சிலரே. ராஜஸ்தானத்தின் ஷேகாவாட்டிப் பகுதியே அது. சென்ற மார்கழியில் நம் சங்கக் குடும்பங்கள் நான்கு, கட்டுச்சோற்று மூட்டையுடன் இரண்டு கார்களில் அங்குச் சென்று, மூன்று நாள் தங்கி வந்தோம். கண்டவற்றுள் சிலவற்றை அன்பர்களோடு பகிர்ந்துகொள்ள விழைகின்றோம்.

ரேவாரி, நார்னௌல் வழியே சாலை செல்கின்றது. கடுகு வயல்களின் மஞ்சள் மெல்லக் குறைய, மணல் மேடுகளும் வன்னி மரங்களும் தலைகாட்டுகின்றன. நம் கோயில்கள் சிலவற்றில் தலமரமாக நின்று வணக்கம் பெறும் வன்னியே, இங்குக் கேஜ்ரி என்னும் பெயரில் ஆட்டுக்கும் ஒட்டகத்துக்கும் தழை கொடுத்து நிற்கின்றது. நம் பிள்ளைகள் பலர் கல்வி பயிலச் செல்லும் பிலானியும் இப்பகுதியைச் சேர்ந்ததே.

மண்டாவா, நவல்கட், பதேபூர், ராம்கட் ஆகிய ஊர்களில் கால் வைத்தவுடன் வியப்பு மேலிடுகின்றது. ஹவேலி எனப்படும் மாளிகைகளின் வெளிச்சுவர், வாயில் வளைவு, மாடத்தின் அடிப்பகுதி எங்கணும் சித்திரங்கள். கண்ணன் லீலைகளும் இராம காதையும் ஒருபுறம். ஒட்டகத்தின் மீது விரையும் காதலர் டோலாவும் மாருவும் மறுபுறம். அவற்றினிடையே இரயில் வண்டி, மோட்டார், கிராமபோன், தொப்பியணிந்த துரைமார்! மண்டாவாவில் ஒரு மாளிகைச் சுவரில் ரைட் சகோதரர்களின் விமானம்கூடப் பறக்கின்றது. சில இரயில் ஓவியங்களில் பெட்டிகள் சக்கரம் பூட்டிய வீடுகளைப்போல் காணப்படுகின்றன. கேள்வியறிவு ஒன்றையே துணையாகக் கொண்டு ஓவியர் அவற்றைத் தீட்டினார் போலும்!

ஓவியர் என்றோம், உண்மையில் வீட்டைக் கட்டிய கொத்தனாரே பெரும்பாலும் அதற்கு ஓவியரும் ஆவார். சேஜாரா என்பது அவர்களுக்குரிய பெயர். நன்கு அரைத்த சுண்ணாம்புச் சாந்தைப் படிப்படியாகப் பூசி, ஈரம் காயுமுன் வண்ணம் தீட்டி, வழுவழுப்பான கல்லால் தேய்த்து, இறுதியில் தேங்காயெண்ணெய் தடவி மெருகேற்றுதல் பழைய முறை. தேங்காய் விளையாத மண்ணில் தேங்காய்க்கு இப்படியொரு பெருமை! காவி, அவுரி நீலம், விளக்குக் கரி போன்றவை தொடக்ககால வண்ணங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜெர்மனியிலிருந்து இரசாயனச் சாயங்கள் வந்தபின், பளிச்சிடும் நிறங்கள் மிகுந்தன. சுவரின் நிறங்களைக் கொண்டே அதன் வயதை ஒருவாறு கணிக்கலாம்.

இத்துணைப் பொருள் இம்மணற்காட்டுக்கு எங்கிருந்து வந்தது? ஒட்டக வணிகப் பாதைகள் வாழ்ந்த காலத்தில் இவ்வூர் வணிகரும் வாழ்ந்தனர். ஆங்கிலேயர் ஆட்சியில் வணிகம் கல்கத்தா, பம்பாய்த் துறைமுகங்களுக்குத் திரும்பியதும் அவர்களும் பெயர்ந்தனர். அங்கு ஈட்டியதைப் பிறந்த ஊருக்கு அனுப்பி மாளிகையும் கிணறும் குளமும் கோயிலும் பள்ளியும் எழுப்பினர். ஓவியங்களுள் பெரும்பாலானவை 1830 முதல் 1930 வரையுள்ள நூறாண்டுக்குள் தோன்றியவை. பின்னர்க் குடும்பங்கள் சென்ற இடத்திலேயே வேரூன்றிவிட, வீடுகள் பூட்டிக் கிடந்தன. செட்டிநாட்டு வீதிகளைக் கண்டோர்க்கு இக்கதை புதிதன்று.

நவல்கட்டில் 1902-இல் கட்டப்பெற்ற போதார் ஹவேலி இன்று அருங்காட்சியகமாக விளங்குகின்றது. பதேபூரில் 1802-ஆம் ஆண்டு மாளிகை ஒன்றை 1999-இல் நதீன் லெ பிரான்ஸ் என்னும் பிரெஞ்சு ஓவியர் வாங்கிச் செப்பனிட்டார். இத்தகைய பேறு பெறாதவை பல. நிலத்தின் உப்பு ஈரம் ஏறிச் சாந்து உதிர்கின்றது. சித்திரங்களின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்ட சுவர்களும் உள. செதுக்கு வேலைப்பாடுள்ள கதவுகள் பெயர்த்து விற்கப்படுகின்றன.

ஒரு வீட்டின் முதிய காவற்காரரை, "உடையவர்கள் வருவதுண்டா?" என்று வினவினோம். "பிள்ளைக்கு முடியிறக்கக் குலதெய்வக் கோயிலுக்கு வருவார்கள், ஐயா. அன்று பூட்டைத் திறந்து காட்டுவேன். மாலையே திரும்பிவிடுவார்கள்," என்றார். பங்காளிகள் பலராம்; விற்கவும் ஒருமிக்கவில்லை, செப்பனிடவும் ஒருமிக்கவில்லை.

அவ்விடை நம் பெண்மணிகளை நெடுநேரம் பேச்சற்றவர்களாக்கிற்று. நம்மில் எத்தனை பேருக்குக் காவிரிக்கரையிலோ பொருநைக்கரையிலோ பூட்டிய வீடொன்று இருக்கின்றது! ஓவியம் இல்லாவிடினும் திண்ணை உண்டு, முற்றம் உண்டு, உடன்பிறந்தார் ஐவர் கையொப்பமிட வேண்டிய பத்திரமும் உண்டு. அதில் உறவினர் ஒருவரைக் குடிவைப்பதா, ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் இடமாக ஆக்குவதா, விற்பதா என்பதை அடுத்த கோடை விடுமுறையிலேனும் கூடிப்பேசி முடிவு செய்வோமாக.

செல்ல விழைவோர் கார்த்திகை முதல் மாசிக்குள் செல்க. இரவில் கடுங்குளிராதலின் கம்பளி வேண்டும். பூட்டிய வீடாயின் காவற்காரரிடம் இசைவு பெற்று நுழைதல் முறை. அவருக்குச் சிறிது பொருள் கொடுத்தல் நன்று. சுவரைத் தொடாமல் காணக் குழந்தைகளுக்கு முன்னரே சொல்லிவைப்பீர்களாக.