பிஎச்.டி.யில் சேரப்போகும் புள்ளலூர்ப் பிள்ளைக்கு

1780 செப்டம்பரில் ஹைதர் அலி, திப்பு படைகள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை முறியடித்தது உங்கள் புள்ளலூரில்தான். அந்தப் போரைப் பற்றியே நீங்கள் ஆய்வு செய்யப் போவதாக வைத்துக்கொள்வோம். வீட்டில் முதல் பட்டதாரி என்றால், சந்தேகம் கேட்கப் பக்கத்தில் ஆள் இருக்காது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எத்தனை வருஷம் ஆகும்? யு.ஜி.சி. (பல்கலைக்கழகங்களுக்கு விதி வகுக்கும் மத்திய அமைப்பு) 2022இல் கொண்டுவந்த விதிப்படி குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2 ஆண்டு கிடைக்கலாம். பெண்களுக்கு அதற்கு மேலும் 2 உண்டு. பிரசவம், குழந்தை வளர்ப்புக்காக 240 நாள் வரை விடுப்பும் எடுக்கலாம். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போகும் பெண், சில நிபந்தனைகளோடு தன் ஆய்வுத் தரவுகளை அங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். "கட்டிக்கொடுத்தால் படிப்பு என்ன ஆகும்?" என்று வீட்டில் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பணம்? நெட் (தேசியத் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆய்வு உதவித்தொகை) பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000. தொகை தாமதமாக வருவதும் உண்டு. முதல் சில மாதச் செலவுக்கு வேறு ஏற்பாடு இருக்கட்டும்.

ஆதாரங்களை எங்கே தேடுவது? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கம்பெனிக் காலத்துப் பதிவுகள் இருக்கின்றன. துறையிலிருந்து ஓர் அறிமுகக் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள். அருகிலேயே கன்னிமாரா, தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். 'சோத்கங்கா' தளத்தில் பழைய ஆய்வேடுகளை ஊரில் இருந்தபடியே இலவசமாகப் படிக்கலாம்.

படித்ததை அப்படியே எடுத்து எழுதலாமா? கூடாது. அது கருத்துத்திருட்டு (பிறர் எழுத்தைத் தன்னுடையதாகக் காட்டுவது). யு.ஜி.சி.யின் 2018 விதிப்படி ஆய்வேட்டில் 10 விழுக்காடு வரை ஒத்திருந்தால் தண்டனை இல்லை. 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் திருத்திய ஆய்வேட்டை ஓராண்டுக்குக் கொடுக்கவே முடியாது. அதற்கும் மேலே போனால் பதிவே ரத்து. ஆண்டுக்கணக்கான உழைப்பும் அதோடு போகும். மேற்கோள் குறியிட்டு மூலத்தைச் சொன்ன வரிகள் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே குறிப்பெடுக்கும்போதே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எழுதிவிடுங்கள்.

கைடு (ஆய்வு நெறியாளர்) வீட்டு வேலை சொன்னால்? மறுக்கலாம். உங்கள் ஆய்வுக்குச் சம்பந்தமில்லாத வேலை உங்கள் கடமை அல்ல. 'பகைத்துக்கொண்டால் கையெழுத்துப் போடமாட்டாரே' என்று நீங்கள் பயப்படுவது நியாயம்தான். அதனாலேயே ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழு முன் உங்கள் முன்னேற்றத்தைக் காட்டும்போது, கொடுத்த இயல்களையும் கொடுத்த தேதிகளையும் பதிவாகும்படி செய்துவிடுங்கள். பிறகு யாரும் 'இவர் வேலையே செய்யவில்லை' என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ராகிங் நடந்தால் 1800-180-5522 என்ற இலவச எண்ணை அழையுங்கள். தமிழ்நாட்டில் 1997 முதலே ராகிங் சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழுவிடம் 3 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் தருவார்கள். வெளியே சொல்லத் தயங்கி அந்தக் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

மற்ற குறைகளுக்கு மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்கிறது. 15 வேலை நாளுக்குள் அது அறிக்கை தருவது முறை. முடிவு சரியில்லை என்றால் 15 நாளுக்குள் குறைகேட்பு நடுவரிடம் மேல்முறையீடு செய்யலாம். புகார் கொடுக்கும்போது உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். நாள் கணக்குக்கு அதுதான் ஆதாரம்.