பன்னீர்ப் பந்தலும் விதையில்லாக் கொடியும்

ஒரு தலைமுறைக்கு முன்புவரை வீட்டுக் கொல்லையில் திராட்சை என்றால் பன்னீர்தான். தேனி, திண்டுக்கல், கோவைப் பக்கத்து வீடுகளில் கிணற்றடியில் நான்கு கல்தூண் நட்டுக் கம்பி இழுத்து, ஒற்றைக் கொடியைப் படரவிட்டிருப்பார்கள். அந்தக் கொடியை யாரும் காசு கொடுத்து வாங்கியதில்லை. தோட்டத்தில் கவாத்து நடக்கும் நாளில் போய், வெட்டிப்போட்ட குச்சிகளில் பென்சில் பருமன் உள்ளதாகப் பார்த்து இரண்டைக் கேட்டு வாங்கி வருவார்கள். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி ஊன்றி ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தளிர் வந்துவிடும். மறு வருடமோ அதற்கடுத்த வருடமோ பந்தலுக்குக் கீழே கருநீலக் கொத்துகள் தொங்கும். பழத்துக்கு இரண்டு மூன்று விதை. யாரும் அதைக் குறையாக நினைத்ததில்லை. சாற்றை உறிஞ்சிவிட்டு விதையைத் துப்புவது திராட்சை தின்னும் முறை, அவ்வளவுதான்.

பன்னீர் என்று நாம் சொல்வது மஸ்கட் ஹாம்பர்க். அந்த மணம் மஸ்கட் குடும்பத்துக்கே உரியது. பிரெஞ்சுப் பாதிரியார்கள் வழியே இந்தப் பக்கம் வந்த கொடி என்று கம்பம் பள்ளத்தாக்கில் பேசிக்கொள்வார்கள். 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வீட்டுக்காரருக்கு அது பிடித்துப்போனதற்கு மணத்தோடு இன்னொரு காரணமும் உண்டு. குச்சியின் அடிக்கணுக்களிலேயே காய்க்கும் மொட்டு இருக்கும். நாலு கணு விட்டு வெட்டினால் போதும், ஏறக்குறைய நான்கு மாதத்தில் பழம். எந்த மாதம் வெட்டினாலும் காய்க்கும் என்பதால்தான் கம்பம் பக்கத்தில் ஆண்டு முழுக்க எங்காவது அறுவடை நடந்துகொண்டிருக்கிறது. கவாத்து தெரியாத கையையும் பொறுத்துக்கொண்டு பலன் தரும் கொடி அது.

இன்று தை பிறந்தால் பங்குனி வரை தள்ளுவண்டிகளில் குவிந்திருப்பது சாங்லி, நாசிக், சோலாப்பூரிலிருந்து வரும் விதையில்லாப் பச்சைத் திராட்சை. அதைத் தின்று வளர்ந்த பிள்ளைகள் பன்னீரை வாயில் போட்டதும் முகம் சுளிக்கிறார்கள். ஆகவே நர்சரியில் வந்து நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வியே ‘சீட்லெஸ் இருக்கா?’ என்பதுதான். கொல்லை போய் மாடி வந்துவிட்டது. கிணற்றடி போய் நீல டிரம் வந்துவிட்டது. நாற்று கூரியரில் வருகிறது. இதிலெல்லாம் எனக்கு வருத்தம் இல்லை. வருத்தம் அதற்கு அடுத்த கட்டத்தில்தான்: இரண்டு மூன்று வருடம் கொடி மாடியை மூடிப் படர்கிறது, ஒரு கொத்துகூட இல்லை, கடைசியில் வெட்டி எறிந்துவிடுகிறார்கள். குறை கொடியிலும் இல்லை, மண்ணிலும் இல்லை. பன்னீரை வெட்டிய கையால் இதையும் வெட்டியதுதான் காரணம்.

நம் சந்தைக்கு வரும் பச்சை விதையில்லாத் திராட்சைகளில் பெரும்பாலானவை தாம்சன் சீட்லெஸ் வழி வந்தவை. மேற்காசியாவின் பழைய கிஸ்மிஸ் கொடிதான் அது. 1870-களில் கலிபோர்னியாவில் வில்லியம் தாம்சன் வளர்த்துப் பரப்பியதால் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. தாஸ்-ஏ-கணேஷ், சோனாகா, மாணிக் சமன் மூன்றும் அதன் பிள்ளைகள். மகாராஷ்டிர விவசாயிகள் தங்கள் சொந்தத் தோட்டத்தில் வித்தியாசமாகக் காய்த்த கிளையைக் கவனித்துப் பிரித்தெடுத்த ரகங்கள் அவை. அந்தக் கண்களுக்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் இந்தக் குடும்பத்துக்கு ஒரு குணம் உண்டு: அடிக்கணுக்களில் காய் மொட்டு அநேகமாக இருக்காது. ஐந்தாம் கணுவுக்கு மேல்தான் நம்பிக்கை. பன்னீரைப்போல நாலு கணுவில் வெட்டினால் காய்க்கும் பகுதி முழுவதும் குப்பைக்குப் போய்விடும். மிஞ்சுவது இலை மட்டும்.

இன்னொன்று, குளிர்நாட்டில் இந்தக் கொடி பனியில் இலை உதிர்த்துத் தூங்கி எழும். நம் ஊரில் அந்தத் தூக்கம் இல்லை. அதனால் கத்தரிக்கோல்தான் பருவத்தை உண்டாக்க வேண்டும், அதுவும் இரண்டு முறை. அறுவடை முடிந்து கொஞ்ச நாள் ஓய்வு கொடுத்தபின், சித்திரை வாக்கில் ஒன்றிரண்டு கணு மட்டும் விட்டு ஒட்ட வெட்டுவது முதல் கவாத்து. இதிலிருந்து பழம் எதிர்பார்க்கக் கூடாது. புதுக்குச்சி வளர்ந்து, அதன் கணுக்களுக்குள் வருங்காலக் கொத்து உருவாவதற்கான வெட்டு இது. வெட்டியபின் வரும் இரண்டு மாதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அந்த நாட்களில் ஒவ்வொரு குச்சியிலும் வெயில் விழ வேண்டும். நெருங்கிய தளிர்களைக் களைந்து, ஏழெட்டு இலை வந்ததும் நுனியைக் கிள்ளி, தழைச்சத்தையும் தண்ணீரையும் குறைக்க வேண்டும். ஆசையாக நிறைய எரு போட்டால் கொடி கொழுக்கும், மொட்டு மலடாகும்.

இரண்டாவது வெட்டு பழத்துக்கானது, ஆறு முதல் எட்டுக் கணு விட்டு. மகாராஷ்டிரத்தில் அக்டோபரில் செய்கிறார்கள். அதை அப்படியே இங்கே கடைப்பிடிப்பதுதான் பலரும் சறுக்கும் இடம். நமக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை. அப்போது தளிரும் பூவும் வந்தால் அடிச்சாம்பல் நோய் ஒரே வாரத்தில் கொத்தைக் கருக்கிவிடும். மழை ஓய்ந்து மார்கழியில் வெட்டுங்கள். சித்திரையை ஒட்டிய வெயிலில் பழம் இனிக்கும். அறுவடை தள்ளினால் முதல் கவாத்தும் அதற்கேற்பத் தள்ளட்டும். வெட்டியதும் ஒரு சதவீத போர்டோ கலவை தெளிப்பது பழைய பழக்கம். இன்றும் வீட்டுக்கு அது போதுமான காவல்.

காய்த்தபின்னும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பழம் சிறியது, கடையில் பார்ப்பதில் பாதிகூட இராது. இதற்கு வருந்தத் தேவையில்லை. இந்த ரகங்களில் பூ கருவுறத்தான் செய்கிறது. ஆனால் விதை பாதியிலேயே வளர்ச்சி நின்று மெல்லிய துணுக்காகச் சுருங்கிவிடுகிறது. ஒரே ஒரு மரபணுவில் எப்போதோ நேர்ந்த சிறு மாற்றம்தான் இதற்குக் காரணம் என்று 2018-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். பழத்தைப் பெருக்கவைக்கும் ஜிப்ரலின் ஊக்கி முதன்மையாக வளரும் விதையிலிருந்து வருவது. விதை நின்றுபோனால் பழமும் சிறுத்தே நிற்கும். தோட்டக்காரர்கள் ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் கொத்துகளை முக்கியும், தண்டைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்தும் அந்தக் குறையை ஈடுகட்டுகிறார்கள். விதை செய்துவந்த வேலையை மனிதர் ஏற்றுக்கொண்டதால் வந்த பருமன் அது. வீட்டில் அது வேண்டாம் என்பேன்; உரித்த பட்டை ஆறாமல் போனால் கொடியே பட்டுவிடும். கொத்துகளைக் குறைத்து, ஒரு கொத்திலும் நெருக்கமான பிஞ்சுகளைக் கத்தரியால் நீக்கிவிட்டால் சிறிய பழம் நல்ல இனிப்போடு பழுக்கும். உரித்த பட்டை ஆறாமல் போனால் கொடியே பட்டுவிடும்.

ரகம் கேட்டால், முதல்முறை வளர்ப்பவருக்குத் தாம்சன் குடும்பத்தை நான் சொல்வதில்லை. சிவப்பில் ஃபிளேம் சீட்லெஸ் அடிக்கணுவிலும் காய்க்கும், வெட்டுப் பிழையை ஓரளவு தாங்கும். நம் இரவு வெக்கையில் நிறம் முழுதாக ஏறாமல் போகலாம், சுவைக்கு அதனால் குறைவில்லை. கறுப்பில் அர்கா நீலமணி பாருங்கள். பெங்களூரு ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், பிளாக் சம்பாவையும் தாம்சனையும் சேர்த்து உருவாக்கியது. தென்னிந்தியச் சூழலுக்கென்றே வந்தது, ஆந்த்ராக்னோஸ் எனும் கரும்புள்ளி நோயையும் தாங்கும். ‘விதையில்லாதது’ என்ற சீட்டை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ரகப் பெயர் சொல்லத் தெரியாதவரிடம் நாற்று எடுக்காதீர்கள். பெயர் தெரியாத கொடிக்கு எத்தனை கணுவில் வெட்டுவது என்று யாராலும் சொல்ல முடியாது.

பன்னீரும் இருக்கட்டும், விதையில்லாததும் இருக்கட்டும் என்பவர்கள் ஒரே பந்தலில் இரண்டையும் ஏற்றலாம். ஆளுக்கொரு பாதி ஒதுக்கி, குச்சிகள் கலக்காமல் கம்பியில் கட்டிவிடுங்கள். விதையில்லாக் கொடியின் கைகளில் ஒரு வண்ணத் துணியை முடிந்து வையுங்கள். மார்கழியில் இலைகளைக் கழித்துவிட்டு வெட்ட நிற்கும்போது இரண்டின் குச்சியும் பார்வைக்கு ஒன்றுதான், வெட்டுகிறவருக்கு அந்தத் துணிதான் அடையாளம்: துணி இல்லாத பக்கம் நாலு கணு, உள்ள பக்கம் அந்த ரகம் கேட்கும் கணு.