போதிகை பார்த்துக் காலம் சொன்ன பிரெஞ்சுக்காரர்

கோயிலுக்குப் போனால் மூலவரைப் பார்ப்போம், கோபுரத்தைப் பார்ப்போம். தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கி நிற்கும் போதிகையை யார் பார்க்கிறார்கள்? அதைப் பார்த்தே மண்டபத்தின் காலத்தைக் கணித்தவர் கப்ரியேல் ழூவோ துப்ரேய் (1885-1945) என்ற பிரெஞ்சு அறிஞர்.

புதுச்சேரியில் ஆசிரியராயிருந்த இவர், சிற்பிகளிடமே உறுப்புகளின் பெயர்களைக் கேட்டறிந்து, தென்னிந்தியக் கட்டடக் கலையும் சிற்பமும் பற்றி 1914இல் இரு தொகுதிகள் வெளியிட்டார். அவர் போட்ட கணக்கு எளிதுதான். பல்லவர் போதிகை வளைந்து, அலையலையாக இருக்கும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டி, நடுவில் ஒரு துண்டு நீட்டிக்கொண்டு நிற்கும். விஜயநகர காலத்தில் அதுவே பூமொட்டாகித் தொங்கும். சிற்பி பரம்பரையாகச் செய்துகொண்டே வர, உருவம் மெல்ல மெல்ல மாறுகிறது. கல்வெட்டு இல்லாத இடத்தில் இந்தப் போதிகையே சாட்சி!

நம் சமணர்களும் இவருக்குக் கடன்பட்டவர்கள். புதுக்கோட்டைச் சித்தன்னவாசல் குடைவரை ஓவியங்களை அறிஞருலகம் அறியச் செய்தவர்கள் இவரும், திருவிதாங்கூர் தொல்லியல் துறையை நடத்திய டி.ஏ. கோபிநாத ராவும் ஆவர். 1931இல் காஞ்சி கைலாசநாதர் கோயிலிலும் பழைய ஓவியத் தடயங்களைத் துப்ரேய் கண்டறிந்தார்.

வாளையாறும் குமுளியும் தாண்டி வந்து பிழைக்கும் நாம், சொந்த ஊர்க் கோயில் திருப்பணிக்குத் தாராளமாகவே கொடுக்கிறோம். அங்கே பழந்தூணைப் பிடுங்கிவிட்டு கான்கிரீட் தூண் நிறுத்தினால், ஊரின் வயதுச் சான்று போயிற்று. ஆகவே அன்பர்களே, நன்கொடைக்கு ரசீது வாங்குவதோடு நின்றுவிடாதீர்கள். பழைய போதிகை என்னாச்சு என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.