வெட்டினால் பூக்கும் மலை

மரம் நடுவது அறம், வெட்டுவது பாவம் என்றே நாம் அனைவரும் கற்றோம். நானும் பள்ளி நாளில் கன்று நட்டுக் கைதட்டல் பெற்றவன்தான். ஆனால் மரத்தை வெட்டுவதே தொண்டாக அமையும் இடமும் உண்டு என்பதைச் சென்ற விடுமுறையில் மூணாற்று மலையில் கண்டேன். அதனை நம் சங்கத்து நண்பர்களுக்கு எடுத்துரைக்கவே இக்கட்டுரை.

மூணாற்றைச் சூழ்ந்த உயர்ந்த மலைகளில் பள்ளத்தாக்குகளில் சோலைக்காடும், சரிவுகளில் புல்வெளியும் இயற்கையாக அமைந்தவை. வரையாடு மேய்வதும், குறிஞ்சி பூப்பதும் இப்புல்வெளியிலேதான். வெள்ளையர் ஆட்சியோ அதனைப் பயனற்ற நிலம் என்று எண்ணியது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரத்தை 19ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரியில் நட்டனர். வாட்டில் என்பதும் அதுவே. விறகுக்காகவும், தோல் பதனிடும் பட்டைக்காகவும் அது பிற மலைகளிலும் பரவியது. விடுதலைக்குப் பின்னரும் நடுதல் நிற்கவில்லை. விளைவு என்ன? பழனி மலையில் 1973க்கும் 2014க்கும் இடையே புல்வெளியில் மூன்றில் இரு பங்கு மறைந்துவிட்டது என்கிறது ஓர் ஆய்வு. அதை விழுங்கியவை நட்ட மரங்களும் உழவு நிலமுமே.

புல் ஏன் தோற்கிறது? சீகையின் நிழலில் வெயில் விரும்பும் புல் வாழாது. சீகையின் வேரில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்க, மண்ணின் தன்மையே மாறிவிடுகிறது. கோடையில் புல் காய்ந்து ஓய்வெடுக்கும். சீகையோ ஆண்டு முழுவதும் பசுமையாக நின்று நீரை உறிஞ்சும்.

மட்டாஞ்சேரியில் குடத்தோடு குழாயடியில் நிற்கும் நமக்கு இதில் என்ன என்று கேட்பீர்கள். மூணாற்று மலைநீர் மேற்கே முதிரப்புழையாகிப் பெரியாற்றில் சேர்கிறது. அப்பெரியாறு கொச்சிக்குக் குடிநீர் தருகிறது. கிழக்கே பாம்பாறாகி, அமராவதி வழியே காவிரியை அடைகிறது. பிறந்த நாட்டுக்கும் பிழைக்க வந்த நாட்டுக்கும் ஒரே மலையன்றோ தாய்மடி!

வட்டவடைக்கு அருகே பழத்தோட்டம் என்னும் இடத்தில் 2019ஆம் ஆண்டுத் தீயில் சீகைக்காடு எரிந்தது. அவ்விடத்தில் வனத்துறையும் ஊர் மக்களும் புல்வெளியை மீட்டு வருகின்றனர். வெட்டுவது இப்பணியில் எளிய பகுதி. சீகை விதை மண்ணில் 50 ஆண்டு வரை உறங்க வல்லது. தீயின் வெப்பம் பட்டால் உறக்கம் கலைந்து கூட்டமாக முளைக்கும். ஆகவே ஆண்டுதோறும் நாற்றுகளைக் கையால் பிடுங்கவேண்டும். நாற்றங்காலில் வளர்த்த மலைப்புல்லைக் குத்துக் குத்தாக நடவேண்டும். எங்கும் கண்மூடி வெட்டுவதும் தவறு. சில இடங்களில் சீகை நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் எழுகின்றன. அங்கே கோடரியை ஓய்வெடுக்க விடுவதே அறிவு.

என்னுடன் வந்த மாமா தேயிலைத் தோட்டத் தொழிலாளி. "மாப்பிள்ளை, இந்த விறகாலேதான் எங்க அடுப்பு எரிஞ்சுது. எல்லாத்தையும் வெட்டிட்டா நாங்க எங்கே போறது?" என்று கேட்டார். நான் படித்த தாவரவியல் நூல்களில் அதற்கு விடையில்லை. தென்னாப்பிரிக்காவில் 1995ஆம் ஆண்டு தொடங்கிய 'நீருக்காக உழைப்பு' என்னும் அரசுத் திட்டத்தில் ஒரு விடை கண்டேன். ஆற்றுநீரைக் குடிக்கும் அயல் மரங்களை அகற்றும் வேலையை அங்கே ஏழை மக்களுக்கே கூலியோடு தந்தார்கள். மீட்பு வேலையும், வெட்டிய மரத்தில் விறகும் மலைமக்களுக்கே முதலில் சேரவேண்டும். அடுப்புக்கு மாற்று வழியும் வேண்டும். அவர்கள் அடுப்பை அணைத்துவிட்டுப் புல்வெளியை வளர்க்க முடியாது.

குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை சிந்தி மடிவது. 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. இனி 2030. நம் முன்னோர் ஒரு திணைக்கே அம்மலரின் பெயரைச் சூட்டினர். சீகை மூடிய சரிவில் அது பூக்க இடமேது?

நண்பர்களே, மரம் நடுங்கள். நடுமுன் அந்த மண்ணில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். அக்கேள்வியே விஞ்ஞானத்தின் தொடக்கம்.