களத்தில் இடம் கிடைக்காத கோச்



கூடைப்பந்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று பொது அறிவுப் போட்டியில் கேட்டால், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்று டக்குனு சொல்லிடுவோம். 1891-இல் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டு என்ற ஊரில், பீச் பழக்கூடையை மாட்டி அவர் இந்த விளையாட்டை ஆரம்பித்தார். ஆனால் அவரிடமே பாடம் படித்த ஜான் மெக்லெண்டன் பெயர் நம்மில் பல பேருக்குத் தெரியாது. இந்தத் தடவை அவரைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

மெக்லெண்டன் 1915-இல் கன்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். கருப்பினத்தைச் சேர்ந்தவர். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் உடற்கல்வி படிக்கச் சேர்ந்தார். அங்கே நெய்ஸ்மித்தான் அவருக்கு வழிகாட்டி. ஆனால் அந்தப் பல்கலைக்கழக அணியில் அப்போது வெள்ளைக்கார மாணவர்கள் மட்டும்தான் ஆடலாம். விளையாட்டைக் கண்டுபிடிச்சவர்கிட்டயே படிச்சும், காலேஜ் டீமில் ஒரு மேட்ச்கூட அவரால ஆட முடியல. 1936-இல் பட்டம் வாங்கினார். அங்கே உடற்கல்வியில் பட்டம் பெற்ற முதல் கருப்பின மாணவர் அவர்தான்.

1940-இல், வட கரோலினா மாநிலம் டர்ஹாம் நகரில் கருப்பின மாணவர்கள் படித்த ஒரு கல்லூரிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார். அந்தக் காலத்தில் பந்தை நிதானமாகக் கைமாற்றி எதிர்க்கூடை வரைக்கும் கொண்டு போவார்கள். அதுக்குள்ள எதிரணி திரும்பி வந்து சுவர் மாதிரி நின்னுடும். மெக்லெண்டன் இதை மாற்றினார். எதிரணி எறிந்த பந்து கூடையில் விழாமல் துள்ளி வந்தால் உடனே பிடிக்கணும், முன்னால் ஓடுகிறவனுக்குக் கொடுக்கணும், மற்றவர்களும் கூடவே ஓடணும். எதிரணி சுதாரிப்பதற்குள் பந்து கூடையில்! இதற்கு ஃபாஸ்ட் பிரேக் என்று பெயர். பந்து எதிரணி கையில் இருந்தாலும் சும்மா நிற்கக் கூடாது. களம் முழுக்க விரட்டி நெருக்கணும். இதுக்கெல்லாம் மூச்சு நிக்கணும் இல்லையா? அதனால் பையன்களை நிறைய ஓடவிட்டுப் பழக்கினார். நான் கோ-கோ ஆடுவதால் எனக்கு இது சட்டுனு புரிஞ்சது. 'கோ' சொன்ன நொடியில எந்திரிச்சு ஓடலேன்னா ஆள் தப்பிச்சிடும்ல!

அந்த ஊரில் கருப்பரும் வெள்ளையரும் சேர்ந்து விளையாடக் கூடாது. ஆனால் 1944 மார்ச் 12, ஞாயிற்றுக்கிழமை காலையில், ஊர் ஜனங்கள் சர்ச்சில் இருந்த நேரம் பார்த்து, டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டருக்குப் படித்த வெள்ளைக்கார மாணவர்களின் அணி ரகசியமாக வந்தது. கதவைப் பூட்டிவிட்டு, பார்க்க ஆளே இல்லாமல் ஆடினார்கள். மெக்லெண்டன் அணி 88, டியூக் அணி 44. சரியா ரெண்டு மடங்கு! அப்புறம் இரண்டு அணியையும் கலந்து இன்னொரு மேட்ச்சும் ஆடினார்கள். ஜெயிச்சும் கைதட்ட ஆள் இல்லை, வெளியே சொல்லவும் முடியல. 1996-இல்தான் இந்தக் கதை பரவலாகத் தெரிய வந்தது.

பிறகு டென்னசி மாநிலத்தில் நாஷ்வில் நகரின் கருப்பின மாணவர் கல்லூரிக்குப் போனார். 1957, 1958, 1959 என்று வரிசையாக மூன்று வருடம் அந்த அணி என்.ஏ.ஐ.ஏ. தேசியப் பட்டம் வென்றது. வெள்ளையர் கல்லூரிகளும் கலந்துகொண்ட தேசியப் போட்டியில் ஒரு கருப்பினக் கல்லூரி பட்டம் வென்றது 1957-இல்தான் முதல் தடவை. ஒளிஞ்சு ஆடின காலம் போய், எல்லார் கண்ணு முன்னாடியும் ஜெயிச்சாங்க! 1966-இல் கிளீவ்லாண்ட் ஸ்டேட் பல்கலைக்கழகம் அவரைத் தலைமைப் பயிற்சியாளர் ஆக்கியது. வெள்ளையர் அதிகம் படித்த பல்கலைக்கழகத்தில் அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் கருப்பர் அவரே.

ஸ்பிரிங்ஃபீல்டில் நெய்ஸ்மித் பெயரில் கூடைப்பந்துப் புகழ் மண்டபம் இருக்கிறது. 1979-இல் மெக்லெண்டனை அதில் சேர்த்தார்கள். ஆனால் பயிற்சியாளர் என்ற வரிசையில் இல்லை, விளையாட்டுக்குத் தொண்டு செய்தவர் என்ற வரிசையில். 1999-இல் அவர் இறந்துபோனார். 2016-இல்தான் பயிற்சியாளர் வரிசையிலும் சேர்த்தார்கள். அதைப் பார்க்க அவர் இல்லை. இது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

இன்றைக்கு உலகம் முழுக்க ஃபாஸ்ட் பிரேக் ஆடுகிறார்கள். அதை வளர்த்தவருக்கு, படிச்ச இடத்துல ஆடவே இடம் தரல. ஒருத்தருக்குத் திறமை இல்லேன்னு சொல்றதுக்கு முன்னாடி, அவங்களைக் களத்துல இறங்க விட்டோமான்னு கேக்கணும். பி.டி. பீரியட்ல பந்து கேட்டு ஓரமா நிக்கிற தங்கச்சிங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி