ஆட்டு வயிற்றில் சட்டை மாற்றும் புழு

ஹீமான்கஸ் கன்டார்டஸ், ஆடுகளின் நான்காம் இரைப்பையில் தங்கி இரத்தம் குடிக்கும் உருண்டைப் புழு. கன்னி ஆடுகளுக்குப் பேர்பெற்ற சங்கரன்கோவில் வட்டாரம் போன்ற வெப்பமான மேய்ச்சல் பகுதிகள் இதற்கு ஏற்றவை. ஒரு புழு நாளொன்றுக்குச் சுமார் 0.05 மில்லி இரத்தம் குடிக்கும். ஆயிரம் புழுக்கள் இருந்தால் ஆடு தினமும் 50 மில்லி இழக்கும். கீழ் இமையின் உட்புறம் வெளுக்கும். தாடைக்கு அடியில் நீர் கோத்து வீங்கும்.

பெண் புழு தினமும் 5,000 முட்டைகளுக்கு மேல் இடும். புழுக்கையோடு வெளிவரும் முட்டை, மழை ஈரத்தில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் மூன்றாம் நிலைப் புழுவாகிப் புல்லில் ஏறும். அப்போதும் அது இரண்டாம் நிலையின் தோலைக் களையாமல் உறையாகப் போர்த்தியிருக்கும். ஆடு மேயும்போது உள்ளே போகும் புழு, பாம்பு சட்டை உரிப்பதுபோல் அந்த உறையை முதல் இரைப்பையில் கழற்றுகிறது. நான்காம் இரைப்பையில் மேலும் இருமுறை தோலுரித்து, சுமார் மூன்று வாரத்தில் முட்டையிடத் தொடங்குகிறது.

நோய் எதிர்ப்பு மண்டலம் அந்நியப் பொருளை அடையாளம் காண உதவும் மூலக்கூறுகளே ஆன்டிஜென்கள். தோலுரிக்கும் ஒவ்வொரு முறையும் புழுவின் மேற்பரப்பு ஆன்டிஜென்களும் மாறுகின்றன. மூன்றாம் நிலைக்கே உரிய ஒரு மேற்பரப்பு ஆன்டிஜென் நான்காம் நிலையில் மறைந்துவிடுகிறது. ஆகவே அதற்கென ஆட்டின் உடலில் உருவான எதிர்ப்பொருள், வளர்ந்த புழுவின் மேல் ஒட்டுவதற்கு இடமில்லை. பலமுறை தொற்றுக்கு ஆளான பெரிய ஆடு, புதிதாக வரும் இளம் புழுக்களை ஓரளவு வெளியேற்றிவிடும். முன்பே குடியேறிய புழுக்களோ தப்பிக்கலாம். குட்டிகளுக்கு இந்த ஆற்றலும் குறைவு. ஈனும் காலத்தில் தாயாட்டிடமும் அது தளர்வதால் முட்டைகள் பெருகுகின்றன.

மாறும் தோலை விட்டுவிட்டு, ஸ்காட்லாந்தின் மோரிடன் ஆய்வு நிறுவனத்தினர் புழுவின் குடலைக் குறிவைத்தனர். குடல் சுவரின் புரதங்களைக் கொண்டு உருவான தடுப்பூசி 2014-இல் ஆஸ்திரேலியாவில் விற்பனைக்கு வந்தது. தடுப்பூசி போட்ட ஆட்டின் இரத்தத்தோடு எதிர்ப்பொருளையும் புழு குடிக்கிறது. அந்த எதிர்ப்பொருள் புழுவின் குடலில் ஒட்டிச் செரிமானத்தைக் கெடுக்கிறது. இயல்பான தொற்றில் இந்தப் புரதங்கள் ஆட்டின் எதிர்ப்பு மண்டலத்துக்குத் தென்படுவதில்லை. அதனால் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும்.

ஆடு வளர்ப்போர் மழைக்காலத்தில் கீழ் இமையை அடிக்கடி விலக்கிப் பார்க்க வேண்டும். குட்டிகளையும் சினை ஆடுகளையும் தனிக் கவனத்தோடு பார்ப்பது அவசியம். ஒரே மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் புழு அதைத் தாங்கப் பழகிவிடும். கால்நடை மருந்தகத்தில் புழுக்கையைச் சோதித்து, மருத்துவர் சொல்லும் குடற்புழு நீக்க மருந்தை எடைக்கேற்ற அளவில் கொடுப்பதே சரியான வழி.