டிவிடி ஏன் ஓடவில்லை?

அக்கா கல்யாண டிவிடியை வீட்டு லினக்ஸ் கம்ப்யூட்டரில் போட்டாய். படம் ஓடவில்லை. பொத்தானை அமுக்கினால் தட்டும் வெளியே வரவில்லை. "ரிப்பேர்" என்று தாத்தா முடிவு கட்டிவிட்டார். நீ மட்டும் "ஏன்?" என்று கேட்டாய். சபாஷ் கண்ணா!

திருச்சிப் பிள்ளைகளுக்கு லினக்ஸ் ஒன்றும் புதிதில்லை. 2011இல் தமிழ்நாடு அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸோடு 'பாஸ்' என்ற லினக்ஸும் இருந்தது. அதை உருவாக்கியது நம் நாட்டு சி-டாக் நிறுவனம்.

முதலில் தட்டைப் பார்ப்போம். டிஸ்க்கைப் படிக்கும்போது லினக்ஸ் தட்டைப் பூட்டி வைக்கும். பாதியில் நீ உருவிவிடக் கூடாதல்லவா! அந்த டிஸ்க்கில் உள்ள எதையாவது திறந்து வைத்திருக்கிறாயா? மூடு. பிறகு திரையில் தெரியும் டிஸ்க் சின்னத்தின் மேல் வலது கிளிக் செய்து 'இஜெக்ட்' கொடு.

அப்போதும் வரவில்லையா? கம்ப்யூட்டரை அணைத்துவிடு. தட்டின் முகப்பில் குண்டூசித் தலை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி அதில் நேராக, மெதுவாக அழுத்து. தட்டு கொஞ்சம் வெளியே நீளும். மீதியைக் கையால் இழுத்துக்கொள்.

டிஸ்க் கைக்கு வந்ததா? பளபளப்பான பக்கத்தைப் பார். விரல் ரேகை அப்பியிருந்தால் துடைக்க வேண்டும். வட்டமாகத் துடைக்கலாமா? கூடவே கூடாது!

ஏன் தெரியுமா? ஸ்ரீரங்கத்தில் கோயிலைச் சுற்றி வரும் உத்தர வீதிக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளஞ்சான் வீதி. டிஸ்க்கிலும் தகவல் எழுதிய தடம் அப்படித்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. ஆனால் அங்கே எல்லாச் சுற்றும் சேர்ந்து ஒரே வீதி. நடுவில் தொடங்கி விளிம்பில் முடியும். டிவிடியில் ஒரு மில்லிமீட்டர் அகலத்துக்குள் 1,300க்கும் மேல் சுற்றுகள்!

சித்திரை வீதிக்குக் குறுக்கே சின்னப் பள்ளம் வெட்டினால் தாண்டிப் போய்விடலாம். வீதி நெடுகவே வெட்டிவிட்டால்? நடக்க இடமே இல்லை. கீறலும் அப்படித்தான். குறுக்கே விழுந்த சின்னக் கீறலில் போன எழுத்துகளை, பக்கத்தில் உள்ளவற்றை வைத்து, டிஸ்க்கைப் படிக்கும் கருவியான டிரைவ் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடும். தடத்தோடு நீளும் கீறல் என்றால் கணக்கும் கைவிட்டுவிடும். அதனால் மெல்லிய பழைய வேட்டித் துணியால், நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடை. புரிந்ததா?

இன்னும் ஓடவில்லையா? கட்டளை அடிக்கும் 'டெர்மினல்' ஜன்னலைத் திறந்து எல், எஸ், பி, எல், கே என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளையும் சின்ன எழுத்தில், இடைவெளி விடாமல் அடித்து என்டர் தட்டு. வரும் பட்டியலில் 'எஸ்ஆர்0' இருந்தால், டிரைவ் லினக்ஸின் கண்ணில் பட்டுவிட்டது. இல்லாவிட்டால் உள்ளே கேபிள் கழன்றிருக்கலாம். அதைப் பெரியவர்கள் பார்க்கட்டும்.

டிரைவ் தெரிகிறது, சிடியும் ஓடுகிறது, டிவிடி மட்டும் ஓடவில்லை என்றால்? சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர்; அது கண்ணுக்குத் தெரியாது. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒன்று சோர்ந்துபோனாலும் மற்றது வேலை செய்யும். (அதற்காக உள்ளே எட்டிப் பார்க்காதே, கண்ணுக்கு ஆபத்து!)

கடையில் வாங்கிய சினிமா டிவிடி மட்டும் மக்கர் செய்தால் டிரைவைத் திட்டாதே. பல சினிமா டிவிடிகளில் ரகசியப் பூட்டு உண்டு. அதைத் திறக்கும் மென்பொருள் பெரும்பாலான லினக்ஸில் கூடவே வராது. கல்யாண டிவிடியில் அந்தப் பூட்டு இருக்காது. அதனால் டிரைவைச் சோதிக்க அக்கா கல்யாணமே சரி.